பென்டிரைவில் ஏறிய விண்டோஸ்

கணினியின் ஸ்விட்சைப் போட்ட முதல் சில நொடிகளில் அதற்குள் விண்டோஸும் கிடையாது, லினக்ஸும் கிடையாது. மதர்போர்டில் ஒரு சில்லுக்குள் எழுதிவைத்த பயாஸ் என்ற சிறு நிரல் மட்டுமே விழித்திருக்கும். அது நினைவகத்தைச் சோதிக்கும், விசைப்பலகையைத் தேடும், பிறகு ஒரு வட்டின் முதல் செக்டரில் உள்ள 512 பைட்டை எடுத்து நினைவகத்தில் போட்டுவிட்டு, 'இனி நீ பார்த்துக்கொள்' என்று அதனிடம் பொறுப்பை விட்டுவிடும். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வெளிவந்தபோது தொடங்கிய இந்த வழக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாக மாறவில்லை.

அந்த 512 பைட் இன்னொரு நிரலை ஏற்றும், அது இயங்குதளத்தின் மையமான கெர்னலை ஏற்றும். அதுவரை வட்டைப் படித்துக் கொடுப்பது பயாஸின் வேலை. டாஸ் காலத்தில் கடைசிவரை பயாஸே படித்துக் கொடுத்ததால் சிக்கல் இல்லை. விண்டோஸ் என்டி வழிவந்த அமைப்புகளும் லினக்ஸும் வேறு மாதிரி: கெர்னல் எழுந்ததும் பயாஸை ஓரம் கட்டிவிட்டுத் தன் சொந்த டிரைவர்களைக் கொண்டு வட்டைத் தேடும். சற்றுமுன் பயாஸ் கண்டுபிடித்துத் தந்த அதே வட்டு, கெர்னலிடம் அதற்கான டிரைவர் இல்லாவிட்டால் கண்ணுக்கே தெரியாது. ஒரு பழைய இயங்குதளத்தை அதற்குப் பின்னால் வந்த ஊடகத்திலிருந்து நிறுவ முயன்றவர்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி இந்தக் கைமாற்றத்தில் வந்ததுதான்.

விண்டோஸ் 95 வந்தபோது (1995 ஆகஸ்ட் 24) அது சிடியிலும் கிடைத்தது, 13 ஃபிளாப்பிகள் கொண்ட கட்டாகவும் கிடைத்தது. ஒரு ஃபிளாப்பியில் வழக்கமாக அடங்கும் 1.44 எம்பி போதாமல், தனி முறையில் ஃபார்மட் செய்து 1.68 எம்பி வரை திணித்திருந்தார்கள். சிடி வாங்கியவருக்கும் ஃபிளாப்பியிலிருந்து விடுதலை இல்லை, ஏனென்றால் அந்த சிடியால் கணினியை பூட் செய்ய முடியாது. தனியாக ஒரு பூட் ஃபிளாப்பியைப் போட்டு, அதில் உள்ள டாஸ் டிரைவரால் சிடி டிரைவை எழுப்பி, அதன்பிறகே செட்டப்பை ஓட்ட வேண்டும். சிடி டிரைவ் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு டிரைவர் கேட்ட காலம் அது. விண்டோஸ் 98-இன் ஸ்டார்ட்டப் ஃபிளாப்பி இந்தத் தொல்லையைக் குறைத்தது. பெரும்பாலான சிடி டிரைவ்களுக்குப் பொருந்தும் பொது டிரைவர்கள் அதிலேயே இருந்தன. 2 எம்பி அளவுக்கு நினைவகத்தில் ஒரு போலி வட்டை உண்டாக்கி, பழுதுபார்க்கும் கருவிகளையும் அதில் விரித்து வைக்கும். கணினி பழுதுபார்க்கும் கடைகளில் இந்த ஒற்றை ஃபிளாப்பி அதன் இயங்குதளத்தைவிட நெடுநாள் உழைத்தது.

சிடியே நேரடியாக பூட் ஆவதற்கான விதிமுறையை பீனிக்ஸ் டெக்னாலஜிஸும் ஐபிஎம்மும் சேர்ந்து 1995 ஜனவரியில் வெளியிட்டன. அதை வகுத்தவர்கள் பேசித் தீர்த்த இடம் கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில் இருந்த எல் டோரிட்டோ என்ற மெக்சிகன் உணவகம் என்பார்கள்; விதிமுறைக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. அது செய்த தந்திரம் எளியது. சிடிக்குள் ஒரு ஃபிளாப்பியின் முழு உருவத்தையும் கோப்பாக ஒளித்துவைத்தால், பயாஸ் அதை எடுத்து 'இதுதான் ஏ டிரைவ்' என்று இயங்குதளத்திடம் சாதித்துவிடும். இப்படி நடிக்காமல் சிடியிலிருந்து நேரடியாக ஏற்றும் இன்னொரு முறையும் அதில் இருந்தது. விண்டோஸ் என்டி 4.0, விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றின் சிடிகள் அந்த இரண்டாவது முறையில் வந்தவை. சிடியிலிருந்து பூட் ஆகாத கணினிகளுக்காக விண்டோஸ் 2000-க்கு நான்கு ஃபிளாப்பிகளும், எக்ஸ்பிக்கு ஆறும் தனியே தரப்பட்டன.

எக்ஸ்பி விற்பனைக்கு வந்தது 2001 அக்டோபர் 25-இல். அதன் செட்டப் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் நீலத் திரையில் வெறும் எழுத்தாக வரும் கட்டம். வட்டைப் பிரித்து, ஃபார்மட் அடித்து, கோப்புகளைப் படியெடுக்கும். ஒரு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு படங்களோடு வரும் இரண்டாம் கட்டம். நீலத் திரையின் தொடக்கத்தில், வெளியார் டிரைவர் இருந்தால் எஃப்6 விசையை அழுத்துமாறு அடிவரியில் ஒரு குறிப்பு சில நொடிகள் தோன்றி மறையும். அதை அழுத்தினால் எக்ஸ்பி அந்த டிரைவரைத் தேடுவது ஏ டிரைவில், அதாவது ஃபிளாப்பியில் மட்டுமே. சில ஆண்டுகளில் சாட்டா ஹார்ட் டிஸ்க்குகள் பரவின, ஃபிளாப்பி டிரைவ்கள் மறைந்தன. எக்ஸ்பிக்கு ஏஹெச்சிஐ முறையில் ஓடும் சாட்டா வட்டைப் பார்க்க டிரைவர் வேண்டும், டிரைவரைக் கொடுக்க ஃபிளாப்பி வேண்டும், புது லேப்டாப்பில் ஃபிளாப்பி கிடையாது. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவை மாட்டினாலும் சில மாதிரிகளை மட்டுமே செட்டப் ஏற்றுக்கொண்டது. 'ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை' என்று செட்டப் கைவிரிக்கும், அல்லது ஸ்டாப் 7பி என்ற எண்ணோடு திரை நின்றுவிடும். பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐயைப் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றிவிட்டு வேலையை முடிப்பதே கடைக்காரர்களின் வழக்கம். பொறுமை உள்ளவர்கள் என்லைட் என்ற கருவியால் டிரைவரை சிடி உருவத்துக்குள்ளேயே சேர்த்துப் புது சிடி எழுதிக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் எல்லோரும் பென்டிரைவ் என்று சொல்லும் பொருள் இதற்கு முன்பே, 2000-இல், சந்தைக்கு வந்திருந்தது. சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் தம்டிரைவ் என்ற பெயரிலும், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் தயாரித்ததை ஐபிஎம் டிஸ்க்-ஆன்-கீ என்ற பெயரிலும் விற்றன. ஐபிஎம் விற்றதன் கொள்ளளவு 8 எம்பி. இன்று சிரிப்பு வரும். அன்றைக்கு அது ஐந்து ஃபிளாப்பிகளுக்கு மேல். ஆனால் அதிலிருந்து பூட் செய்வது குதிரைக் கொம்பாக இருந்தது. இந்தப் பொருளை என்னவென்று நடத்துவது என்பதில் பயாஸ் எழுதியவர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை. சில பயாஸ் அதைப் பெரிய ஃபிளாப்பியாகக் கருதின, சில ஹார்ட் டிஸ்க்காக. வேறு சில, அயோமெகா கம்பெனியின் ஜிப் டிரைவாக நினைத்துக்கொண்டு, பார்ட்டிஷன் அட்டவணையின் நான்காம் இடத்தில் போய்த் தேடின. பயாஸ் மெனுவில் யூஎஸ்பி-எஃப்டிடி, யூஎஸ்பி-ஜிப், யூஎஸ்பி-ஹெச்டிடி என்று மூன்று வரிகள் தனித்தனியாக இருந்ததன் காரணம் இதுதான். ஒரே பென்டிரைவ் ஒரு கணினியில் பூட் ஆகும், பக்கத்துக் கணினியில் கருப்புத் திரையில் ஒற்றைக் கோடு மட்டும் கண்சிமிட்டும்.

லினக்ஸ்காரர்கள் இதில் முந்திக்கொண்டார்கள். ஹெச். பீட்டர் ஆன்வின் 1994-இல் ஃபிளாப்பிக்காக எழுதத் தொடங்கிய சிஸ்லினக்ஸ் என்ற பூட் லோடர், ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த எந்த வட்டிலும் அமரக்கூடியது என்பதால் பென்டிரைவுக்கும் அப்படியே பொருந்தியது. கைமாற்றச் சிக்கலுக்கும் லினக்ஸிடம் விடை இருந்தது: தேவையான டிரைவர்களை ஒரு சிறு கட்டாகக் கட்டி, கெர்னலோடு சேர்த்தே பயாஸ் மூலம் நினைவகத்தில் ஏற்றிவிடுவார்கள். பயாஸ் ஒதுங்கும்போது கெர்னலின் கையில் யூஎஸ்பி டிரைவர் தயாராக இருக்கும். 2007-இல் வந்த யூநெட்பூட்டின் இந்த வேலையைச் சில சொடுக்குகளில் முடித்துக் கொடுத்தது. சிடியின் முழு உருவமான ஒரே ஐஎஸ்ஓ கோப்பை சிடியிலும் எழுதலாம், பென்டிரைவிலும் பைட்டுக்கு பைட் அப்படியே எழுதலாம் என்ற ஏற்பாட்டை 2008-இல் சிஸ்லினக்ஸ் கொண்டுவந்தபின், லினக்ஸைப் பொறுத்தவரை இந்த வரலாறு ஏறக்குறைய முடிந்துவிட்டது.

விண்டோஸ் பக்கம் நெருக்கடியை உண்டாக்கியது ஒரு சிறிய கணினி. தைவானின் ஆசுஸ் 2007 அக்டோபரில் ஈ பிசி 701-ஐ வெளியிட்டது. 7 அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, சிடி டிரைவ் இல்லை, உள்ளே லினக்ஸ். நெட்புக் என்று பெயர் பெற்ற இந்த வகை விற்றுத் தீர்ந்தது. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவைத் தாங்கும் வலு அதற்கு இல்லை. கடைகளில் எக்ஸ்பி விற்பனையை 2008 ஜூன் 30-உடன் நிறுத்தவிருந்த மைக்ரோசாஃப்ட், நெட்புக்குகளுக்கு மட்டும் எக்ஸ்பி ஹோமைத் தொடர்ந்து தருவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. இதனால், ஏழு ஆண்டு பழைய, சிடியை நம்பியே எழுதப்பட்ட ஓர் இயங்குதளம், சிடியே இல்லாத கணினிகளில் புதுவாழ்வு பெற்றது. அதை மறுபடி நிறுவ வேண்டிவந்தால் வெளியிலிருந்து ஒரு யூஎஸ்பி சிடி டிரைவை மாட்ட வேண்டும், இல்லையேல் பென்டிரைவைப் பழக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியைப் பென்டிரைவிலிருந்து நிறுவ வழி எதையும் பொதுமக்களுக்குத் தரவில்லை.

எக்ஸ்பி சிடியின் கோப்புகளைப் பென்டிரைவில் வெறுமனே படியெடுத்தால் நடப்பது இது: பூட் செக்டரைச் சரிசெய்து கொடுத்தால் நீலத் திரை வரை போகும், அதன்பின் செட்டப் சிடியைக் கேட்டு நிற்கும். அதன் கெர்னல் கண்விழித்ததும் தேடுவது சிடி டிரைவைத்தான். ஆர்வலர்கள் கண்டுபிடித்த வழி, எக்ஸ்பியிலேயே ஏற்கெனவே இருந்த வேறொரு பாதையில் நுழைவது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய விண்டோஸுக்குள்ளிருந்து எக்ஸ்பியை நிறுவும்போது, செட்டப் தன் கோப்புகளை இரண்டு தற்காலிகக் கோப்புறைகளாக ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, அங்கிருந்து தொடரும். அந்த இரண்டு கோப்புறைகளையும் பென்டிரைவில் முன்கூட்டியே தயாரித்துவைத்து, செட்டப்பின் வழிகாட்டிக் கோப்பில் சில வரிகளைத் திருத்தினால், தான் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதாகவே செட்டப் நம்பிவிடும். வின்செட்டப்ஃப்ரம்யூஎஸ்பி போன்ற கருவிகள் இந்த வேலையைத் தாமே செய்து கொடுத்தன.

நம்பவைத்ததற்கும் ஒரு விலை இருந்தது. பென்டிரைவிலிருந்து பூட் ஆனால் பயாஸ் அதையே முதல் வட்டாக எண்ணும், ஹார்ட் டிஸ்க் இரண்டாவதாகிவிடும். எக்ஸ்பி தன் பூட் பட்டியலில் அதே எண்ணை எழுதிக்கொள்ளும், சில சமயம் அந்தப் பட்டியலையே பென்டிரைவில் எழுதிவிடும். வேலை முடிந்தது என்று பென்டிரைவைப் பிடுங்கியதும் ஹார்ட் டிஸ்க் முதல் எண்ணுக்குத் திரும்பும். பட்டியல் சுட்டும் இரண்டாம் வட்டு என்று எதுவும் இருக்காது. ஹால் என்ற கோப்பைக் காணவில்லை என்ற செய்தி வந்து நிற்கும். கோப்பு நன்றாகத்தான் இருக்கும், முகவரிதான் தவறு. இரண்டாம் கட்டம் முழுமையாக முடிந்து டெஸ்க்டாப் வரும்வரை பென்டிரைவைக் கழற்றக் கூடாது என்று அக்காலக் கையேடுகள் தடித்த எழுத்தில் எச்சரித்ததற்கு இதுவே காரணம். கிரப்4டாஸ் என்ற பூட் லோடரைக் கொண்டு இன்னும் துணிச்சலான வழி ஒன்றும் பிறந்தது. முழு ஐஎஸ்ஓவையும் நினைவகத்தில் ஏற்றி அதை சிடி என்று காட்டுவார்கள். எக்ஸ்பியின் கெர்னலுக்கும் அது தெரிவதற்கான டிரைவரை, நினைவகத்தில் உண்டாக்கிய ஒரு போலி ஃபிளாப்பி வழியாக எஃப்6 கட்டத்தில் ஊட்டுவார்கள். இந்தத் துறையில் வெளிவந்த தந்திரங்களில் அழகானது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். எந்தக் கதவு எக்ஸ்பியை இத்தனை ஆண்டு அடைத்து வைத்ததோ, அதே கதவு வழியாகவே உள்ளே போனார்கள்.

விஸ்டா 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்தபோது செட்டப்பின் அடித்தளமே மாறியிருந்தது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளுக்குப் பதில், முழு இயங்குதளமும் விம் வடிவில் ஒரே பெரிய கோப்பாக வந்தது. செட்டப்பை ஓட்டும் சிறிய விண்டோஸ் இன்னொரு விம் கோப்பில் இருந்தது. அதை முழுவதுமாக பயாஸ் மூலமே நினைவகத்தில் ஏற்றிவிடுவதால், கைமாற்றத்தின்போது கெர்னலுக்கு எந்த வட்டும் உடனடியாகத் தேவைப்படாது. லினக்ஸ் போன வழியிலேயே மைக்ரோசாஃப்ட்டும் வந்து சேர்ந்தது எனலாம்.

விண்டோஸ் 7 காலத்தில் பலர் மனப்பாடமாக வைத்திருந்த முறை இதனால் சாத்தியமானது. கமாண்ட் பிராம்ப்டில் டிஸ்க்பார்ட்டைத் திறந்து, லிஸ்ட் டிஸ்க் என்று கேட்டு, அளவைப் பார்த்துப் பென்டிரைவின் எண்ணைத் தேர்வு செய்ய வேண்டும். பிறகு கிளீன், ஒரு பிரைமரி பார்ட்டிஷன், ஆக்டிவ், ஃபார்மட். டிவிடியின் பூட் கோப்புறையில் உள்ள பூட்செக்ட் நிரலால் பூட் செக்டரை எழுதி, எல்லாக் கோப்புகளையும் படியெடுத்தால் முடிந்தது. ஆபத்து முழுவதும் அந்த எண்ணில் இருந்தது. கிளீன் கட்டளை 'உறுதியா?' என்று ஒரு வார்த்தை கேட்காது. எண்ணைத் தவறாகக் கொடுத்து என்டரைத் தட்டினால் ஹார்ட் டிஸ்க்கின் பார்ட்டிஷன்கள் போய்விடும். இன்னொரு சிறு பொறி, 32 பிட் கணினியில் உட்கார்ந்து 64 பிட் விண்டோஸுக்குப் பென்டிரைவ் தயாரிப்பவருக்குக் காத்திருந்தது: அந்த டிவிடியில் உள்ள பூட்செக்ட்டும் 64 பிட் நிரல் என்பதால் அங்கே ஓடாது.

இதையே சொடுக்கில் செய்யும் கருவி ஒன்றை விண்டோஸ் 7 வெளியான 2009 அக்டோபரிலேயே மைக்ரோசாஃப்ட் தந்தது. அடுத்த மாதம் அதற்குள் இமேஜ்மாஸ்டர் என்ற கட்டற்ற மென்பொருளின் நிரல் வரிகள் இருப்பது வெளிப்பட்டது. ஜிபிஎல் உரிமத்தில் உள்ள நிரலைச் சேர்த்தால் மூல நிரலையும் வெளியிட்டாக வேண்டும். வெளி ஒப்பந்ததாரர் எழுதியதில் நேர்ந்த பிழை என்று ஒப்புக்கொண்ட மைக்ரோசாஃப்ட், கருவியைத் திரும்பப் பெற்று, டிசம்பரில் மூல நிரலோடு ஜிபிஎல் உரிமத்திலேயே மறுபடி வெளியிட்டது.

பீட் பட்டார்ட் எழுதிய ரூஃபஸ் 2011 இறுதியில் வந்தது. பென்டிரைவிலிருந்து டாஸை பூட் செய்ய உதவிய பழைய ஹெச்பி கருவிக்கு மாற்றாகத் தொடங்கிய சிறு நிரல் அது. நாளடைவில் எந்த ஐஎஸ்ஓவைக் கொடுத்தாலும் அதன் இயல்பைப் பார்த்து ஏற்ற முறையைத் தேர்ந்துகொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. எக்ஸ்பியின் வட்டு எண் குழப்பத்துக்கும் அதில் தீர்வு இருந்தது. ரூஃபஸ் எழுதும் முதல் செக்டர், பென்டிரைவை இரண்டாம் வட்டாகவும் ஹார்ட் டிஸ்க்கை முதல் வட்டாகவும் பயாஸ் மட்டத்திலேயே இடம் மாற்றிக் காட்டும்.

அதற்குள் பயாஸின் இடத்தை யூஇஎஃப்ஐ பிடிக்கத் தொடங்கியிருந்தது. இது முதல் செக்டரைத் தேடுவதில்லை. ஃபேட்32 பார்ட்டிஷனில் குறிப்பிட்ட கோப்புறையில் குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைத் தேடி ஓட்டும். மைக்ரோசாஃப்ட்டின் கருவியோ பென்டிரைவை என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்தது. பெரும்பாலான யூஇஎஃப்ஐக்கு அது படிக்கத் தெரியாத வடிவம். ஃபேட்32-இல் எடுத்தாலும் விண்டோஸ் 7 டிவிடியில் அந்தக் கோப்பு அந்த இடத்தில் கிடையாது. விம் கோப்புக்குள் புதைந்திருக்கும் பூட் மேனேஜரை வெளியே எடுத்து, பெயர் மாற்றி, உரிய கோப்புறையில் வைக்க வேண்டும். 64 பிட் பதிப்புக்கு மட்டுமே இதுவும் பலித்தது.

யூஎஸ்பி 3.0 விதிமுறை 2008 நவம்பரில் வெளியானது. அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் 7-இல் அதற்கான டிரைவர் இல்லை. சில ஆண்டுகள் இது யாரையும் உறுத்தவில்லை. கணினியில் இரண்டு வகை போர்ட்டும் இருந்தன. நீல நிற 3.0 போர்ட்டில் செருகிய பென்டிரைவ் செட்டப்பின் திரைவரை வந்து, 'சிடி/டிவிடி டிரைவர் இல்லை' என்று குழப்பமான ஒரு செய்தியைக் காட்டினால், அதைப் பிடுங்கிக் கருப்பு போர்ட்டில் செருகினால் போதும். நினைவகத்தில் ஏறிய செட்டப் ஓடும், பெரிய விம் கோப்பு இருக்கும் பென்டிரைவ் மட்டும் அதற்குத் தெரியாது என்பதே அந்தச் செய்தியின் பொருள். 2015-இல் இன்டெல்லின் ஸ்கைலேக் வந்தபோது பழைய யூஎஸ்பி கன்ட்ரோலரையே சிப்செட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். கருப்பு போர்ட்டும் உள்ளே புதிய கன்ட்ரோலரோடுதான் இணைந்திருந்தது. செட்டப்பின் முதல் திரை அழகாக வரும். மௌஸ் நகராது, கீபோர்டு தட்டினால் அசையாது, பென்டிரைவும் தெரியாது. டிரைவர் அந்தப் பென்டிரைவிலேயே இருந்தாலும் எடுக்க முடியாது, சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

பழைய வட்ட வடிவ பிஎஸ்/2 போர்ட் இருந்த மதர்போர்டுகளில் கீபோர்டாவது வேலை செய்தது. மற்றவர்கள் வேறொரு கணினியில் டிஸ்ம் கட்டளையால் விம் கோப்புகளைத் திறந்து, யூஎஸ்பி 3.0 டிரைவரை உள்ளே சேர்த்து மூட வேண்டும். செட்டப்பை ஓட்டும் விம்மில் சேர்த்துவிட்டு, நிறுவப்படும் விம்மில் சேர்க்க மறந்தவர்கள், செட்டப் நல்லபடியாக முடிந்து முதல் ரீஸ்டார்ட் ஆனதும் அதே செத்த கீபோர்டின் முன் வந்து நின்றார்கள். இன்டெல்லும் ஜிகாபைட், ஆசுஸ் போன்ற மதர்போர்டு நிறுவனங்களும் இந்த வேலைக்கென்றே சிறு கருவிகளை வெளியிட்டன. என்விஎம்இ எஸ்எஸ்டிகளுக்கும் விண்டோஸ் 7-இல் டிரைவர் இல்லாததால், மைக்ரோசாஃப்ட்டின் தனி ஹாட்ஃபிக்ஸையும் அதே முறையில் சேர்க்க நேர்ந்தது.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இலும், விண்டோஸ் 7-க்கானது 2020 ஜனவரி 14-இலும் முடிந்தன. இதற்கிடையே சிக்கல் பென்டிரைவைத் தாண்டியும் நீண்டது. விண்டோஸ் 7-க்கு 2019-இன் நடுவிலிருந்து வந்த அப்டேட்கள் ஷா-2 முறையில் மட்டுமே கையெழுத்திடப்பட்டவை. பழைய டிவிடியிலிருந்து புதிதாக நிறுவிய விண்டோஸ் 7 அவற்றை ஏற்காது. அதைப் புரிந்துகொள்ளும் திருத்தங்களை முதலில் கையால் நிறுவ வேண்டும். பென்டிரைவ் தயாரிப்பவர்கள் அந்தத் திருத்தங்களையும் நெட்வொர்க் டிரைவரையும் தனிக் கோப்புறையில் போட்டுவைப்பது வழக்கமாயிற்று.

யூஇஎஃப்ஐ கணினிகள் பல ஆண்டுகள் பழைய பயாஸைப் போல நடிக்கும் சிஎஸ்எம் என்ற பகுதியைச் சுமந்துகொண்டிருந்தன. 2020-க்குள் அதைக் கைவிடப்போவதாக இன்டெல் 2017-இல் அறிவித்தது. சிஎஸ்எம் இல்லாத கணினியில் எல்லா டிரைவரும் சேர்த்த விண்டோஸ் 7 பென்டிரைவும் 'ஸ்டார்ட்டிங் விண்டோஸ்' என்ற திரையோடு நின்றுபோகும். இங்கே கைமாற்றம் தலைகீழானது: திரையைத் தயார் செய்ய விண்டோஸ் 7 பயாஸின் பழைய வீடியோ சேவையைக் கூப்பிடும், கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அந்த ஒரே ஒரு சேவையை மட்டும் நினைவகத்தில் போலியாக உண்டாக்கிவிட்டு விண்டோஸின் பூட் மேனேஜரை அழைக்கும் யூஇஎஃப்ஐசெவன் என்ற சிறு நிரலையும் ஆர்வலர்கள் எழுதினார்கள். பென்டிரைவில் பூட் மேனேஜரின் பெயரை மாற்றி ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் இந்த நிரலை வைக்க வேண்டும்.